ஆறுக்கு ஒன்பது

செப்டம்பர் 3, ஞாயிறு

இந்தக் கடலோர ரிசார்ட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். இங்கே டேபிள் டென்னிஸே இல்லை.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அரைத்தூக்கம், பிறகு இன்னொரு விமானம், அப்புறம் வேனில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே நெடுந்தூரம். எல்லாம் எதற்கு? சீனாவிலிருந்து வந்த கோச், எட்டு டேபிள் போட்ட ஹால், அறுபது வயது தாண்டியவர்களுக்குத் தனிப் பயிற்சி. படத்தில் அப்படித்தான் இருந்தது. டிசம்பரில் மூத்தோர் தேசியப் போட்டி. அதற்கு முன்னால் ஒரு தடவையாவது வெளிநாட்டில் ஒழுங்காகப் பயிற்சி எடுக்க வேண்டும் என்பது எனக்கும் தமயந்திக்கும் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்த காலத்து ஆசை. ரிட்டயர் ஆன பிறகுதான் கைகூடியது.

வரவேற்பில் இருந்தவர் பெயர் அனன். மரியாதையான ஆள். கோச் போன சீசனோடு ஊருக்குப் போய்விட்டாராம். ஹாலின் கூரை ஒழுகுகிறதாம், ரிப்பேர் நடக்கிறதாம். "உங்கள் புக்கிங் ஃபிட்னஸ் பேக்கேஜ்தான் மேடம்" என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். யோகா, நீச்சல், சைக்கிள், காலையில் பச்சை ஜூஸ். டேபிள் டென்னிஸ் என்ற வார்த்தையே அதில் இல்லை.

புக் செய்தது தமயந்தி. அவளைப் பார்த்தேன். "அப்படித்தாண்டி போட்டிருந்துச்சு" என்று சிரித்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த வெப்சைட்டுகளில் எங்கே தொட்டால் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? நான் நன்றாகச் சத்தம் போட்டேன். ஆளுக்கொரு மசாஜ் கூப்பன் கொடுத்தார்கள்.

ரூம் நம்பரைத் தமயந்தி அடிக்கடி கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாக் கதவும் ஒரே வெள்ளை. எனக்கே குழப்பமாகத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை தவறியது.

செப்டம்பர் 4, திங்கள்

எடை 61. தூக்கம் பரவாயில்லை. பழைய கோச் சொல்லிக் கொடுத்த பழக்கம், இந்த நோட்டில் எடையையும் தூக்கத்தையும் எழுதாவிட்டால் பல் தேய்க்காத மாதிரி இருக்கிறது.

காலை உணவு: பப்பாளி, முட்டையின் வெள்ளைக்கரு, உப்பில்லாத ஏதோ தானியம். காபி கேட்டால் பார்லித் தண்ணீர் தருகிறார்கள். தமயந்தி தட்டில் பப்பாளியாக அடுக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பப்பாளி வாடையே ஆகாது. "இங்க பழம் வேற மாதிரி" என்றேன். சாப்பிட்டுவிட்டாள்.

ரிசார்ட்டைச் சுற்றிப் பார்த்தோம். நீச்சல் குளத்தில் பாதிக்கு டைல்ஸ் பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள். ஓடுபாதையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. சைக்கிள்கள் துரு. எங்களைத் தவிர நாலைந்து வெள்ளைக்காரர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். சீசன் இல்லாத காலத்தில் விலை குறைவு என்று தமயந்தி சொன்னபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஹாலைக் கண்டுபிடித்தோம். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் டேபிள்களை மடித்து, ஒன்றோடொன்று சாய்த்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது. தமயந்திதான் போய் ஒன்றைத் தட்டிப் பார்த்தாள். "இது நல்லாத்தாண்டி இருக்கு" என்றாள். நான் அனனிடம் மறுபடி போய் நின்றேன். ஜிம்முக்குப் பின்னால், சலவை அறைக்கு எதிரே ஒரு நடை இருக்கிறது. அங்கே ஒரே ஒரு டேபிளைப் போட்டுத் தரச் சம்மதித்தார். தாழ்வான கூரை. ஒரு பக்கம் வாஷிங் மெஷின்கள் உறுமிக்கொண்டே இருக்கின்றன. அந்தப் பக்கம் நிற்பவருக்கு முதுகு வெந்துவிடும்.

ஆனாலும் ஆடினோம்.

பந்து ஓட ஆரம்பித்ததும் எல்லாம் மறந்துவிட்டது. அவள் இடது கை, நான் வலது கை. அந்தக் காலத்திலிருந்து இதுதான் எங்கள் பலம். அவள் அடித்துவிட்டு விலகுவாள், நான் உள்ளே போவேன். ஒருத்தி தோள் இன்னொருத்தி மேல் பட்டதில்லை. இன்றைக்கும் அவளுடைய ஃபோர்ஹேண்டைப் பார்த்தால் அறுபது வயது என்று சொல்ல முடியாது.

சர்வீஸ் வரிசையில்தான் கொஞ்சம் குழப்பம். யார் போட வேண்டும் என்று நின்று யோசித்தாள். நான் கையைக் காட்டினேன். பயணக் களைப்பு.

செப்டம்பர் 5, செவ்வாய்

நாள் முழுக்க மழை. நடையில் தண்ணீர். ஆடவில்லை.

செப்டம்பர் 6, புதன்

எடை 60.5. பட்டினி போட்டால் குறையத்தானே செய்யும்.

தண்ணீருக்குள் உடற்பயிற்சி வகுப்புக்குப் போனோம். குளத்தின் உடையாத பாதியில் ஏழெட்டுப் பேர் நின்று கையை ஆட்டினோம். சொல்லிக் கொடுத்த பெண் "இடது கை" என்றால் தமயந்தி சரியாகச் செய்தாள். "இப்போ முதல்ல செஞ்சதை மறுபடி" என்றதும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்தாள். எல்லோருமே அப்படித்தான் செய்தார்கள்.

மத்தியானம் தமயந்தியின் வீட்டுக்காரர் செல்வகணபதி அண்ணன் எனக்குப் போன் செய்தார். அவள் குளித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா லூர்து, எல்லாம் சவுரியமா?"

"சவுரியம் எங்கண்ணே, ஏமாத்திட்டானுங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "மாத்திரை சாப்பிடுறாளா?" என்றார்.

"என்ன மாத்திரை?"

"அது... பிரஷர் மாத்திரைதாம்மா. சின்ன நீலப் பையில இருக்கும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நீயே எடுத்துக் குடுத்துரு. அப்புறம், எங்கயும் தனியா விட்றாத. புது ஊரு."

"அவ என்ன சின்னப் பிள்ளையாண்ணே?"

"இல்லம்மா. சும்மா சொன்னேன்."

ஆண்களுக்கு வயதானால் இப்படித்தான், ஒன்றுமில்லாததற்கெல்லாம் கவலை. அவளுக்குப் பிரஷர் என்று எனக்குத் தெரியாது. இந்த வயதில் எல்லோருக்கும் ஒவ்வொன்றாக வரும். ராத்திரி நீலப் பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அட்டையில் இருந்த பெயரைப் படித்தேன். என் அண்ணன் பத்து வருஷமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், அந்தப் பெயர் இல்லை. ஆளுக்கொரு மருந்து.

சேலத்து அமுதவல்லி மறுபடி மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். "அக்கா, டிசம்பர் போட்டிக்கு டபுள்ஸ் சேர்ந்து ஆடலாமா? நாம சேர்ந்தா மெடல் நிச்சயம்." எனக்கு ஜோடி இருக்கிறது என்று தெரியாதா இவளுக்கு? போன மாசமும் இதையே கேட்டாள். பதில் போடவில்லை.

செப்டம்பர் 7, வியாழன்

காலையில் மேனேஜரைப் பார்த்துப் புகார் சொன்னேன். கோச் இல்லை, ஹால் இல்லை, காபி இல்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "நாங்கள் முன்பே தெரிவித்தோமே மேடம், இந்த வருஷம் டேபிள் டென்னிஸ் கேம்ப் இல்லை என்று. போனிலேயே பேசினோம்" என்றார். யாரிடம் பேசினார்களாம்? எங்களிடம் யாரும் பேசவில்லை என்று அடித்துச் சொன்னேன். தமயந்தி பக்கத்தில் நின்று சன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கள் தப்பை மறைக்க என்னவெல்லாம் சொல்கிறார்கள்!

சாயங்காலம் ஒரு நல்லது நடந்தது. ஆடிக்கொண்டிருந்தோம். பந்துச் சத்தம் கேட்டு இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் சீனப் பெண்மணி, மிசஸ் டான். இன்னொருவர், "அக்கா, நீங்க தமிழா?" என்றார். புஷ்பவல்லி. இரண்டு பேரும் பினாங்கு. வீட்டுக்காரர்கள் சைக்கிள் ஓட்ட வந்திருக்கிறார்கள், இவர்கள் போரடித்துப்போய்ச் சுற்றிக்கொண்டிருந்தார்களாம். பினாங்கில் ஒரு கிளப்பில் வாரம் தவறாமல் ஆடுகிறார்கள்.

"பேட் கூட கொண்டாந்திருக்கோம்க்கா. இங்க டேபிள் இல்லன்னு சொன்னதும் பெட்டியிலயே போட்டு வச்சிட்டோம்" என்றார் புஷ்பவல்லி.

நாளைக்கு ஒரு மேட்ச் என்று முடிவாயிற்று. தமயந்தி முகத்தைப் பார்க்க வேண்டுமே! ரூமுக்கு வந்ததும் பேட்டைத் துடைத்து, உறையில் போட்டு, மறுபடி எடுத்துத் துடைத்தாள்.

செப்டம்பர் 8, வெள்ளி

இன்றைக்கு வேளாங்கண்ணி மாதா திருவிழா. நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு வருஷமாவது கோயில் கொடி இறக்குவதைப் பார்க்காமல் இருந்திருப்பேனா தெரியாது. காலையில் ரூமிலேயே முழங்காலிட்டு ஜெபமாலை சொன்னேன்.

மேட்ச்.

முதல் கேம் எங்களுக்கு, பதினொன்று-ஏழு. இரண்டாவது அவர்களுக்கு. மிசஸ் டான் சாதுவாக நிற்கிறார், ஆனால் பந்தை எங்கே வைக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றாவதுதான் கடைசி கேம், அதில் அவர்கள் முன்னேறிக்கொண்டே போனார்கள். அவர்கள் ஐந்தைத் தொட்டதும் பக்கம் மாறினோம், வாஷிங் மெஷின் பக்கம் நாங்கள் வந்தோம். சூடு தாங்க முடியவில்லை. ஆறுக்கு ஒன்பது. எங்கள் சர்வீஸ். தமயந்தி போட வேண்டும்.

அவள் பந்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "நைன்-சிக்ஸ்" என்றாள்.

"சிக்ஸ்-நைன்" என்றார் மிசஸ் டான், சிரித்துக்கொண்டுதான்.

"இல்ல. நைன்-சிக்ஸ். நாங்க நைன்."

புஷ்பவல்லி மெதுவாக, "இல்லக்கா, நாங்கதான் ஒம்பது" என்றார்.

தமயந்தி பந்தை டேபிளில் வைத்தாள். அவள் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. "ஏமாத்துறீங்களா? விளையாடுறதுக்குத்தானே வந்தோம்? இதுல எதுக்கு ஏமாத்தணும்?" குரல் ஏறிக்கொண்டே போனது. சலவை அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். இவள் எதிராளியோடு சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. அம்பயர் தப்பாகக் கொடுத்த பாயிண்டைக்கூடத் திருப்பிக் கொடுத்தவள்.

என் பக்கம் திரும்பினாள். "லூர்து, நீ சொல்லு. என்ன ஸ்கோர்?"

அவள் கண்ணில் கோபம் இல்லை. வேறு ஏதோ இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் பேட்டைப் பார்த்தேன்.

"நைன்-சிக்ஸ்" என்றேன். "நாமதான் ஒம்பது."

மிசஸ் டான் என்னைப் பார்த்தார். புஷ்பவல்லியும் பார்த்தார். பிறகு புஷ்பவல்லி, "சரிக்கா. ஒம்பது-ஆறுன்னே வச்சுக்குவோம். எங்க கணக்குத்தான் தப்பு போல" என்றார். அந்த அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

பதினொன்று-எட்டு. ஜெயித்தோம். தமயந்தி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பினாங்குப் பெண்கள் கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஜெபமாலையை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 9, சனி

கால் வலி என்று சொல்லி ஆடப் போகவில்லை. சாக்ஸ் துவைத்தேன். தமயந்தியின் சாக்ஸையும் துவைத்தேன். காயவில்லை.

புஷ்பவல்லியைச் சாப்பாட்டு அறையில் பார்த்தேன். தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

எடை பார்க்கவில்லை.

காலை ஜூஸ் கடையில் உட்கார்ந்திருந்தோம். புல்லை அரைத்த மாதிரி பச்சையாக ஒன்று தருவார்கள், குடிக்க வேண்டும் என்று கட்டாயம். மழை விட்டு வெயில் வந்திருந்தது. தமயந்தி கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ எதுக்குடி பொய் சொன்ன?"

"என்ன பொய்?"

"அன்னைக்கு. ஸ்கோர்."

"ஸ்கோர் சரியாத்தான் சொன்னேன்."

"ஜெயிச்சா நீ கத்துவ லூர்து. ஊரே கேக்குற மாதிரி கத்துவ. அன்னைக்குக் கத்தல. நான் கட்டிப் பிடிச்சப்ப மரம் மாதிரி நின்ன." கிளாஸின் விளிம்பைத் துடைத்தாள். "என்ன ஸ்கோர் அப்ப?"

நான் கடலைப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"சொல்லுடி."

"ஆறு-ஒம்பது."

"அவங்க ஒம்பது."

"ஆமா."

தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு ரேஷன் கடைக்குப் போய் வந்த கதையைச் சொல்வது போலச் சொன்னாள்.

"மறதி வியாதி. ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்தாங்க. டாக்டர் அதுக்கு ஒரு பேர் சொன்னாரு. பேரு மறந்து போச்சு டாக்டர்னு ஜோக் அடிச்சேன். அவர் சிரிக்கல. இவரும் சிரிக்கல. எனக்கு மட்டும் சிரிப்பு வந்துச்சு."

"எப்ப?"

"பொங்கலுக்கு அப்புறம்னு நினைக்கிறேன். இவரைக் கேளு, சொல்லுவாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன்."

"ஏண்டி?"

"சொன்னா நீ என்னோட ஆடுவ. பாவம்னு ஆடுவ. எனக்கு அது வேண்டாம்."

ஜூஸ் கடைக்காரப் பெண் வந்து கிளாஸை எடுக்கலாமா என்று கேட்டாள். நான் இன்னும் குடிக்கவில்லை என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"இந்த கேம்ப்," என்றாள் தமயந்தி. "அவங்க போன்ல சொன்னாங்கன்னுதான் நினைக்கிறேன், இந்த வருஷம் கிடையாதுன்னு. சொன்னாங்களா, இல்ல நானா நினைச்சுக்கிட்டேனான்னு எனக்குத் தெரியல. உன்கிட்ட கேக்கலாம்னு நினைச்சேன். கேட்டா அடுத்த வருஷம் போலாம்னு சொல்லுவ. அடுத்த வருஷம் நான் எப்படி இருப்பேன்னு தெரியாது. அதான் பணத்தைக் கட்டிட்டேன்."

ஒரு வாரமாக நான் இந்த ரிசார்ட்டுக்காரர்களைத் திட்டாத வார்த்தை இல்லை.

"எனக்கு எதுவுமே தெரியாதுடி" என்றேன்.

அவள் என் கையைத் தட்டினாள். "தெரியாதுன்னு சொல்லாத. ஒரு வருஷமா யாரு சர்வீஸ்னு நீதான் எனக்குக் கையைக் காட்டிக்கிட்டு இருக்க."

செப்டம்பர் 11, திங்கள்

சண்டை.

என் போன் டேபிளில் இருந்தது. அமுதவல்லி மெசேஜ் வந்து வெளிச்சம் அடித்ததும் தமயந்தி எடுத்துப் படித்துவிட்டாள். "இவளுக்கு ஏன் பதில் போடல?"

"போடணும்னு தோணல."

"போடு. சரின்னு போடு."

முடியாது என்றேன். அவள் மறுபடி சொன்னாள். நான் கத்தினேன். நீ இல்லாமல் எனக்கு எந்தப் போட்டியும் வேண்டாம், தோற்றாலும் உன்னோடு நின்று தோற்கிறேன், அது எனக்குப் பெருமைதான் என்றேன். சினிமா வசனம் மாதிரி இருந்தது. ஆனால் அப்படித்தான் வாயில் வந்தது.

அவள் கத்தவில்லை. "உனக்குப் பெருமையா இருக்கலாம். எனக்கு இல்லடி. நடுவுல நின்னுகிட்டு இப்ப நான் போடணுமா, நீ போடணுமா, அவங்க போடணுமான்னு தெரியாம முழிக்கிறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? எல்லாரும் பார்ப்பாங்க. நீ கையைக் காட்டுவ. நான் போடுவேன். அதுவும் தப்பாப் போயிடும். அதுக்கப்புறம் நீ பொய் சொல்லுவ." மூச்சு வாங்கினாள். "பந்து வர்றப்ப எனக்கு ஒண்ணும் ஆகல. கை அதுபாட்டுக்குப் போகுது. அது நிக்கிறப்பதான் லூர்து. அந்த நேரத்துல நான் எங்க இருக்கேன்னு தெரிய மாட்டேங்குது."

எனக்கு வீட்டில் யாரும் இல்லை. அண்ணன் குடும்பம் மாடியில், நான் கீழே. வேலையிலும், வெளியூர்ப் போட்டியிலும், ரிட்டயர் ஆன பிறகு காலை ஏழு மணிக்கு ரயில்வே இன்ஸ்டிட்யூட்டிலும் எதிரே நின்றது இவள்தான். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. இங்கே எதற்கு எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.

அவள் சொல்லச் சொல்ல டைப் செய்தேன். "சரி அமுதா, ஆடுகிறேன். திருச்சிக்கு வந்ததும் பேசுகிறேன்." அனுப்பும் பட்டனை அவளே அழுத்தினாள்.

சாயங்காலம் செல்வகணபதி அண்ணனுக்கு நானே போன் செய்தேன்.

"அண்ணே, எனக்குத் தெரியும்."

"அவளே சொன்னாளா?"

"ஆமா."

அவர் அழுதார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "நீயா கண்டுபிடிச்சுக் கேப்ப, கேப்பன்னு பார்த்துக்கிட்டே இருந்தேம்மா" என்றார். ராத்திரி மாத்திரை கொடுத்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 12, செவ்வாய்

நாளைக்குக் கிளம்புகிறோம். பெட்டி பாதி அடுக்கியாயிற்று.

காலையில் எழுந்ததும் தமயந்தி கேட்டாள், "அந்தப் பொண்ணுங்க இன்னும் இருக்காங்களா?"

"எந்தப் பொண்ணுங்க?"

"நாம ஏமாத்தின பொண்ணுங்க."

நாம என்றாள்.

அவர்கள் மத்தியானம் கிளம்புவதாக இருந்தார்கள். சாப்பாட்டு அறைக்குப் போகும் வழியெல்லாம் தமயந்தி என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஸ்கோரை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் சொன்னேன்.

பினாங்குப் பெண்கள் வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்திருந்தார்கள். தமயந்தி நேராகப் போய் நின்றாள். நான் பின்னால் நின்றேன். ஓடிவிடலாம் போலிருந்தது.

"அன்னைக்கு உங்களை ஏமாத்துறீங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள். "ஏமாத்தினது நாங்க. ஸ்கோர் ஆறு-ஒம்பது. நீங்கதான் ஒம்பது. எனக்கு..." நின்றுவிட்டாள். வார்த்தை வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். எடுத்துக் கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே சொன்னாள். "எனக்கு மறதி வியாதி. இவ எனக்காகப் பொய் சொன்னா. இவ பொய் சொல்ற ஆள் இல்ல. அந்த மேட்ச் உங்களுது."

புஷ்பவல்லி எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மிசஸ் டானுக்கு விஷயத்தை இங்கிலீஷில் சொன்னார். மிசஸ் டான் கேட்டுவிட்டு, தன் டீயை முழுக்கக் குடித்துவிட்டு, ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் தமயந்தி.

"மேட்ச் இன்னும் முடியலன்னு சொல்றாங்கக்கா. ஆறு-ஒம்பதுல நிக்குதுன்னு."

கணவர்களைப் பெட்டி கட்ட அனுப்பிவிட்டு, பேட்டோடு சலவை அறை நடைக்கு வந்தார்கள்.

"நாம எந்தப் பக்கம் நின்னோம்?" என்றாள் தமயந்தி.

"மெஷின் பக்கம்."

"யார் சர்வீஸ்?"

"நீதான். மிசஸ் டான் எடுக்கணும்."

"ஸ்கோரைச் சத்தமா சொல்லு. எனக்கு மட்டும் இல்ல. எல்லாருக்கும்."

சொன்னேன். "ஆறு-ஒம்பது."

தமயந்தி போட்டாள். குட்டையான, திருகிய சர்வீஸ், வலையைத் தாண்டி விழுந்ததும் நின்ற மாதிரி இருந்தது. மிசஸ் டான் தூக்கிக் கொடுத்தார், நான் அடித்தேன். "ஏழு-ஒம்பது. இனி அவங்க சர்வீஸ். டான் போடுறாங்க, நான் எடுக்கணும்." மிசஸ் டானுடைய முதல் சர்வீஸை நீளமாகத் திருப்பிவிட்டேன், வெளியே போனது. "பத்து-ஏழு. அவங்க பத்து." அடுத்ததை உள்ளே வைத்தேன், புஷ்பவல்லி மூலைக்கு அடித்தார், தமயந்தி எங்கிருந்தோ வந்து இடது கையால் ஒரு கிராஸ் அடித்தாள். அவர்கள் இரண்டு பேரும் நகரவே இல்லை.

"எட்டு-பத்து" என்றேன். "இப்ப நான் போடுறேன். புஷ்பா எடுப்பாங்க. அடுத்த பந்து உனக்கு."

"என் பந்து" என்றாள்.

போட்டேன். புஷ்பவல்லி எடுத்தார். தமயந்தி அடித்துவிட்டு விலகினாள், டான் தடுத்தார், நான் உள்ளே போனேன். மறுபடி அவள், மறுபடி நான். எத்தனை பந்து என்று தெரியாது. மெஷின் சத்தம் காதில் விழவில்லை. அவள் விலகும்போது சட்டைக் காற்று என் கையில் உரசிக்கொண்டு போவது மட்டும் தெரிந்தது. அவள் எங்கே இருக்கிறாள் என்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையில்லை. இது முடியக் கூடாது என்று நினைத்தேன். அப்படி நினைத்த அந்த நொடியில் என் பந்து வலையில் பட்டு எங்கள் பக்கமே விழுந்தது.

வலையில் போட்டவள் நான்.

தமயந்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பந்து நின்றுவிட்டது.

"எட்டு-பதினொண்ணு" என்றேன் சத்தமாக. "அவங்க ஜெயிச்சுட்டாங்க."

அவள் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டேபிளைச் சுற்றிப்போய் இரண்டு பேருக்கும் கைகொடுத்தாள். பிறகு எனக்கும் கைகொடுத்தாள். எங்களுக்குள் கைகொடுத்துக்கொள்ளும் பழக்கம் கிடையாது.

செப்டம்பர் 13, புதன்

கோலாலம்பூர் ஏர்போர்ட்டில் எழுதுகிறேன். திருச்சி விமானம் தாமதம்.

கிளம்பும்போது அனன் வாசல் வரை வந்து மன்னிப்புக் கேட்டார். அடுத்த வருஷம் ஹால் தயாராகிவிடும், அவசியம் வாருங்கள் என்றார். "கண்டிப்பா வர்றோம்" என்றாள் தமயந்தி. நானும் தலையாட்டினேன். அந்த மனிதரை இவ்வளவு திட்டியிருக்க வேண்டாம்.

தமயந்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இட்லி கிடைத்தது, இரண்டு பேரும் சாப்பிட்டோம். மாத்திரை ராத்திரிக்குத்தான்.

கொஞ்ச நேரம் முன்னால் கேட்டாள், "லூர்து, அந்த மேட்ச் என்ன ஆச்சு?"

"தோத்துட்டோம்."

"எவ்வளவு?"

"எட்டு-பதினொண்ணு."

"நல்லா ஆடினோமா?"

"நல்லா ஆடினோம். கடைசிப் பந்தை நான் வலையில போட்டுட்டேன்."

"நீயா?" என்று சிரித்தாள். என் முழங்காலில் தட்டினாள். "போவுது விடு."

விமானத்தைக் கூப்பிடுகிறார்களா என்று பலகையைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"லூர்து, அந்த மேட்ச் என்ன ஆச்சு?"

"தோத்துட்டோம்" என்றேன். "எட்டு-பதினொண்ணு."